வாய்தா

புயலில் சாய்ந்த பீச் மரம்.
வேர் வெந்தெலின் நிலத்தில்,
கிளை மெட்டோத் நிலத்தில்.
அண்ணன் தம்பிதான். நடுவில் வேலிகூட இல்லை,
ஒரு எல்லைக்கல், அதுவும் பாசி மூடியது.
விறகு யாருக்கு என்று
ஸ்னினா நீதிமன்றத்தில் மூன்றரை வருஷம்.

நான் அங்கே தட்டச்சர்.
வாதி வரவில்லை, வாய்தா.
பிரதிவாதிக்கு முழங்கால் வீக்கம், வாய்தா.
அளவையாளர் கொண்டுவந்த வரைபடம்
இல்லாமல் போன ஒரு நாட்டினுடையது,
வாய்தா.
அந்தச் சொல்லுக்கு என் விரல்கள்
கண்ணைக் கேட்பதில்லை.

தீர்ப்பு: சரிபாதி.
வக்கீலுக்குக் கொடுக்க
மெட்டோத் தன் பாதியைப் பிளந்து விற்றான்.
வாங்கியவர்களில் நானும் ஒருத்தி.
மலிவு. கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

பிப்ரவரி. உறைநிலைக்குப் பதினோரு பாகை கீழே
வைஹோர்லாட் மலை.
அடுப்பருகே அடுக்கிய கட்டைகளில் ஒன்றிலிருந்து
காலை ஆறு மணிக்கு
கொம்பு வந்தது.
வந்துகொண்டே இருந்தது.
கணுவுக்குக் கணு கறுப்புக் குஞ்சம்.
கடைசியில்தான் உடம்பு:
மழைக்கு முந்தைய வானத்தின் நீலச் சாம்பல்,
முதுகில் மை ஒற்றிய திட்டுகள்.
மரத்தூளை உதறிக்கொண்டு
என் சமையலறையை ஜூன் மாதம் என்று நம்பி
நின்றது.

செத்த மரம்தான் இதன் புழுவுக்குச் சோறு.
மூன்று வருஷம், சில சமயம் நாலு,
இருட்டிலேயே தின்று இருட்டிலேயே வளரும்.
அப்படியானால்
வழக்கு நடந்த காலமெல்லாம்
சொத்தை அனுபவித்தது இந்த மூன்றாம் தரப்பு.
கட்டின் முந்நூறு பக்கத்திலும்
இதன் பெயர் இல்லை.

கொன்றால் அபராதம்.
பிடித்து வைத்திருந்தாலும் அபராதம்.
கதவைத் திறந்து விட்டால் பனி கொல்லும்,
அதற்குப் பிரிவு எதுவும் காணோம்.
வனக்காவலர் க்லிமென்ட்டை அழைத்தேன்.
தூக்கக் கலக்கத்தில் சொன்னார்:
"அதற்கு வெயில் வேண்டும் அம்மா,
ஒரு இணையும் வேண்டும்.
எது இருக்கிறது உங்களிடம்?"

பிளம் ஜாம் இருந்தது.
தண்ணீரில் கரைத்து மூடியில் வைத்தேன்.
ஒன்பது நாள்.
பத்தாம் நாள் ஜன்னல் விளிம்பில்,
கொம்பு இரண்டும் பின்னால் வளைந்து,
பனியைப் பார்த்தபடி.
அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன்.
காரணம் கேட்டார்கள். முழங்கால் என்றேன்.

அன்றிரவு
தம்ளரைக் கவிழ்த்து ஒவ்வொரு கட்டையிலும் வைத்துக்
காது கொடுத்தேன்.
கர்ர். நிறுத்தம்.
கர்ர்.
உள்ளே வேலை நடக்கிறது.
அதன்பின் அந்த விறகை எரிக்கவில்லை.
மின் அடுப்பு வாங்கினேன்.
மார்ச் மாதத்துக் கட்டணத்தைச் சொன்னால்
சிரிப்பீர்கள், சொல்ல மாட்டேன்.

பனி இளகியதும் ஏழு நடை,
பின்சீட்டில் போர்வை விரித்து.
எல்லைக்கல்லை நடுவில் விட்டு
இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி,
வெயில் படும்படி அடுக்கினேன்.
தீர்ப்பை நான் மீறக் கூடாது, பாருங்கள்.

மே மாதம் மனு வந்தது.
அடையாளம் தெரியாத நபர்
மெட்டோத்தின் நிலத்தில் விறகு அடுக்கியதாகவும்
இதில் அண்ணனின் சதி இருப்பதாகவும்.
அடித்தேன். அடையாளம் தெரியாத நபர்.
பிழையில்லாமல்.
அண்ணனும் ஒரு மனு போட்டார்,
அது தம்பியின் சதி என்று.

நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார்.
இறுதித் தீர்ப்பு வரும்வரை
இரு தரப்பும், வேறெவரும்,
மேற்படி விறகைத் தொடவோ நகர்த்தவோ
எரிக்கவோ கூடாது.
அதையும் நான்தான் அடித்தேன்,
மூன்று பிரதி.

அடுத்த விசாரணை அக்டோபரில்.
வெந்தெலினுக்கு அப்போது இடுப்பில் அறுவை சிகிச்சையாம்,
வாய்தா கேட்பார்.
கேட்கட்டும்.